பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பாடம் படித்த டாக்டர் அம்மாள்

ரோமாபுரியில் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அதற்குள் ஓர் அறை.

அந்த அறையில் குழந்தைகளை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் பைத்தியங்கள் அல்ல. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள். சிலருக்குப் பேச வராது. சிலருக்குக் கை கால் சொன்னபடி கேட்காது. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே பெரிய பைத்தியங்களோடு சேர்த்து அங்கே தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது.

ஒரு நாள் ஓர் இளம் பெண் டாக்டர் அங்கே வந்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி அவரிடம் அலுத்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டு, சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன, இப்படி ஒரு தீனிப்பேய் உண்டா என்று முகத்தைச் சுளித்தாள்.

டாக்டர் அம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

பொம்மை இல்லை. பந்து இல்லை. கையில் எடுத்து உருட்டிப் பார்க்க ஒரு சாமானும் இல்லை. அந்த அறையில் விரலால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ரொட்டித் துணுக்கு.

இது வயிற்றுப் பசி அல்ல என்று அவருக்குப் பட்டது. கைக்கு வேலை வேண்டும் என்று இந்தக் குழந்தைகள் தவிக்கிறார்கள். அந்த வேலையைக் கொடுத்தால் இவர்கள் மூளை விழித்துக்கொள்ளாதா?

இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. அதற்கு விடை தேடிப் புறப்பட்டவர்தான் பின்னாளில் உலகம் முழுவதும் பெயர் பெற்றார். அவர் மரியா மாண்டிசோரி.

பையன்கள் பள்ளியில் ஒரு பெண்

மரியா 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பிறந்தாள். ஊர், இத்தாலியில் உள்ள கியாராவல்லே. தந்தை அலெஸாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். பழைய காலத்து மனிதர். தாய் ரெனில்டே புத்தகம் படிப்பதில் ஆசை உள்ளவள். வீட்டுக்கு ஒரே பெண்.

மரியா சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபோய்விட்டது.

அந்தக் காலத்தில் இத்தாலியில் படித்த பெண்ணுக்குக் கிடைக்கும் வேலை உபாத்தியாயினி வேலைதான். மரியா அது வேண்டாம் என்றாள். 13 வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். என்ஜினீயர் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டாள். கொஞ்ச காலம் கழித்து மனம் மாறியது. டாக்டர் ஆகப்போகிறேன் என்றாள்.

தந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாய் மட்டும் மகள் பக்கம் நின்றாள்.

1890-ல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விஞ்ஞானப் பாடங்களை முதலில் படித்து முடித்தாள். அதன் பிறகு வைத்தியப் படிப்பில் இடம் பிடித்தாள். உலகத்திலேயே கற்பிப்பதற்கு ஒரு புது வழி கண்டுபிடித்த அம்மாள், உபாத்தியாயினி வேலை வேண்டாம் என்று ஓடியவள் என்பது வேடிக்கைதான்.

பிணத்தோடு தனியாக

வைத்திய மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படிக்கவேண்டும். ஆண்கள் சூழ நிற்க, துணி இல்லாத உடலை ஒரு பெண் பார்ப்பதா? கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே மாணவர்கள் எல்லோரும் போன பிறகு, மரியா தனியாகப் போய் அந்த வேலையைச் செய்யவேண்டும். சுற்றிலும் எலும்புக்கூடுகள். நடுவில் பிணம். மருந்து நாற்றம் வேறு. நாற்றம் தாங்காமல் அவள் சுருட்டுப் புகையை உதவிக்கு வைத்துக்கொண்டாள் என்று சொல்வார்கள்.

ஒரு நாள் படிப்பை விட்டுவிடுவது என்றே முடிவு செய்துவிட்டாளாம். பூங்கா வழியாக வீட்டுக்கு நடந்தாள். அங்கே ஒரு பிச்சைக்காரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய சின்னக் குழந்தை. தாய் பிச்சை கேட்டு அழுதுகொண்டிருந்தாள். குழந்தையோ ஒரு வர்ணக் காகிதத் துண்டை வைத்துக்கொண்டு உலகத்தையே மறந்து விளையாடியது. அதைப் பார்த்து நின்ற மரியா, வந்த வழியே திரும்பிப் பிணக் கிடங்குக்குப் போய்விட்டாள் என்று ஒரு கதை உண்டு. அது எவ்வளவு தூரம் உண்மையோ! ஆனால் அவள் திரும்பிப் போனது உண்மை.

கடைசியாகப் பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவேண்டும். மரியா எடுத்துக்கொண்ட விஷயம் மனநோய். இல்லாத குரல்கள் காதில் கேட்பதாக நோயாளிகள் நினைக்கிறார்களே, அதைப் பற்றிய ஆராய்ச்சி. 1896-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி டாக்டர் பட்டம் கிடைத்தது.

இத்தாலியின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று பலர் எழுதுவார்கள். அது சரி அல்ல. அவருக்கு முன்பே சில பெண்கள் அந்த நாட்டில் வைத்தியப் பட்டம் பெற்றிருந்தார்கள். அதனால் இவருடைய பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

பட்டம் வாங்கியவர் பல்கலைக்கழக மனநோய்ப் பிரிவில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். நகரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போய், சிகிச்சைக்கு ஏற்ற நோயாளிகளைப் பொறுக்கி அழைத்து வருவது அவர் வேலைகளில் ஒன்று. அப்படிப் போனபோதுதான் ரொட்டித் துணுக்குக் குழந்தைகளைக் கண்டார்.

காட்டுச் சிறுவன்

இந்தக் குழந்தைகளைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று டாக்டர் மாண்டிசோரி தேடினார். இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர்கள் அகப்பட்டன. இருவரும் அப்போது உயிரோடு இல்லை. ஒருவர் இடார். மற்றவர் அவருடைய சீடர் செகேன்.

இடாரின் கதை விசித்திரமானது.

1800-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிரான்சு நாட்டில் அவேரோன் என்ற பகுதியில் ஒரு சிறுவன் பிடிபட்டான். காட்டிலே தனியாகத் திரிந்தவன். பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கலாம். பேச்சு இல்லை. குளிர், சூடு தெரியாது. ஆளைக் கண்டால் கடிப்பான். பாரிசுக்குக் கொண்டு வந்தார்கள். இவன் பிறவியிலேயே மூளை இல்லாதவன், தேறமாட்டான் என்று அந்தக் காலத்துப் பெரிய டாக்டரான பினெல் கைவிட்டுவிட்டார்.

இடாருக்கு அப்போது வயது 26-ஐத் தாண்டவில்லை. செவிடர் ஊமையர் பள்ளியில் டாக்டர். நான் பார்க்கிறேன் என்று அந்தப் பையனை ஏற்றுக்கொண்டார். விக்டர் என்று பெயர் வைத்தார். கெரேன் என்ற அம்மாள் அவனுக்குச் சோறு போட்டுத் தாயைப்போலப் பார்த்துக்கொண்டாள்.

பலகையில் சிவப்பு வட்டம், நீல முக்கோணம், கறுப்புச் சதுரம் ஆகியவற்றை ஒட்டுவார் இடார். அதே வடிவத்தில் வெட்டிய அட்டைகளை விக்டர் அந்தந்த இடத்தில் பொருத்தவேண்டும். பிறகு எழுத்துகள். பல மாதம் போராடிய பிறகு, பால் என்ற பிரெஞ்சு வார்த்தையை விக்டர் எழுத்துகளை அடுக்கிக் காட்டினான்.

ஆனால் பேச்சு வரவில்லை. கடைசி வரையில் வரவே இல்லை. ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு இடார் அந்த முயற்சியை நிறுத்தினார். தோற்றுவிட்டதாகவே நினைத்தார். விக்டர் கெரேன் அம்மாளின் பராமரிப்பில் இருந்து 1828-ல் இறந்தான்.

இடாருக்கு வயதாகி, உடம்பு தளர்ந்த காலத்தில் 1837-ல் செகேன் அவரிடம் வந்தார். 25 வயது வாலிபர். மூளை வளர்ச்சி குறைந்த ஒரு பையனுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை இடார் அவரிடம் கொடுத்தார். அடுத்த வருடமே குரு கண்ணை மூடினார். சீடர் அந்த வேலையைப் பல குழந்தைகளுக்குச் செய்தார்.

முதலில் கை காலைப் பழக்கு; பிறகு கண், காது, தொடும் விரலைப் பழக்கு; அறிவு அதன் பின்னால் வரும் என்பது செகேன் கண்ட வழி. 1846-ல் பெரிய புத்தகம் எழுதினார். பிறகு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே 1866-ல் ஆங்கிலத்தில் இன்னொரு புத்தகம் வெளியிட்டார். 1880-ல் நியூயார்க்கில் காலமானார்.

அப்போது மரியாவுக்கு வயது 10.

சாமான் இருந்தது, சாரம் இல்லை

டாக்டர் மாண்டிசோரி பாரிசுக்கும் லண்டனுக்கும் போனார். பாரிசில் பிசேத்ர் என்ற இடத்தில் செகேன் ஒரு காலத்தில் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே செகேன் செய்துவைத்த சாமான்கள் எல்லாம் இருந்தன. அவருடைய புத்தகமும் ஆசிரியர்கள் கையில் இருந்தது. ஆனால் பலன் மட்டும் இல்லை!

ஆசிரியர்கள் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து செய்துகொண்டிருந்தார்கள். அதில் உயிர் இல்லை. குழந்தை தேறும் என்ற நம்பிக்கை அவர்களிடம் இல்லை. பிள்ளையின் உள்ளத்தைத் தொட்டு எழுப்பும் குரல் இல்லாவிட்டால் எந்தச் சாமானும் மரக்கட்டைதான் என்று டாக்டர் மாண்டிசோரி தெரிந்துகொண்டார். இதை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

செகேனின் 1866-ம் ஆண்டுப் புத்தகத்தைத் தேடு தேடு என்று தேடினார். பாரிசில் இல்லை. இங்கிலாந்து டாக்டர்களைக் கேட்டார். அவர்களிடமும் இல்லை. கடைசியில் நியூயார்க்கில் ஒரு டாக்டரின் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்ட பழம் புத்தகங்களில் ஒரு பிரதி அகப்பட்டது. அது கப்பலேறி ரோமாபுரி வந்து சேர்ந்தது. ஓர் ஆங்கில மாதின் உதவியோடு அதைப் படித்து மொழிபெயர்த்தார்.

யாரும் அறியாத குழந்தை

இதற்கு நடுவில் அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. அது வெகு காலம் வரையில் வெளியே தெரியாது.

மனநோய்ப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த டாக்டர் ஜுசப்பே மாண்டெசானோ. இருவரும் ஒரே ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்கள். இருவருக்கும் காதல் ஏற்பட்டது. கல்யாணம் நடக்கவில்லை. 1898-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர்.

கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் குழந்தை என்று தெரிந்தால் அந்தக் காலத்து ரோமாபுரி சும்மா இருக்குமா? டாக்டர் வேலை போகும். ஆராய்ச்சி போகும். தலைகாட்ட முடியாது. ஆகவே பச்சைக் குழந்தையை நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். தாய் எப்போதாவது போய்ப் பார்ப்பார். பார்க்க வருகிற இந்த அம்மாள் யார் என்று குழந்தைக்குச் சொல்லவில்லை.

அதே வருடம் செப்டம்பர் மாதம் டூரின் நகரில் ஆசிரியர்களின் பெரிய மகாநாடு நடந்தது. டாக்டர் மாண்டிசோரி அங்கே எழுந்து பேசினார். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கு வேண்டியது மருந்து அல்ல, படிப்பு என்று சொன்னார். இவர்களுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும், இவர்களுக்குப் பாடம் சொல்லத் தனியாக ஆசிரியர்களைப் பழக்கவேண்டும் என்று வாதாடினார். நாடெங்கும் அந்தப் பேச்சு பரவியது.

யாருமற்ற குழந்தைகளுக்காக மேடையில் பேசிய அந்தத் தாயின் குழந்தைக்கு அப்போது ஆறு மாதம்கூட நிரம்பவில்லை. அது வேறு ஒருத்தியின் மடியில் வளர்ந்தது.

காலை 8 முதல் இரவு 7 வரை

மகாநாட்டுப் பேச்சுக்குப் பலன் கிடைத்தது. கல்வி மந்திரி பாச்செல்லி, ரோமாபுரி ஆசிரியைகளுக்கு இதைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்படி டாக்டர் மாண்டிசோரியை அழைத்தார். 1900-ல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அது இரட்டைப் பள்ளி. ஒரு பக்கம் மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகள் படித்தார்கள். மறு பக்கம் அவர்களுக்குக் கற்பிக்க விரும்பிய ஆசிரியர்கள் படித்தார்கள். முதல் அணியில் ஆசிரியர்கள் 64 பேர். பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்தும் குழந்தைகள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். டாக்டர் மாண்டிசோரியும் டாக்டர் மாண்டெசானோவும் சேர்ந்து நடத்தினார்கள்.

டாக்டர் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடவில்லை. காலை 8 மணிக்குக் குழந்தைகளிடம் வந்தால் இரவு 7 மணி வரையில் அங்கேயே இருப்பார். தாமே பாடம் சொல்வார். எந்தக் குழந்தை எதைத் தொட்டது, எதைத் தள்ளியது, எங்கே முகம் மலர்ந்தது என்று இரவில் குறித்து வைப்பார். இப்படி இரண்டு வருடம். இந்த இரண்டு வருடம்தான் கல்வித் துறையில் தாம் வாங்கிய உண்மையான பட்டம் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தையல் வரவில்லை. கையில் பலம் இருக்கிறது. ஆனால் ஊசி நூலை மேலும் கீழுமாகக் கோத்து இழைக்கத் தெரியவில்லை. எத்தனை தரம் காட்டினாலும் பலன் இல்லை.

டாக்டர் மாண்டிசோரி தையலை நிறுத்தினார். காகிதத்தில் பாய் பின்னும் விளையாட்டைக் கொடுத்தார். நெடுக்கே காகித நாடாக்கள். குறுக்கே ஒரு நாடாவை ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகச் செருகிக்கொண்டு போகவேண்டும். சிறுமி அதில் ஆசையாக ஈடுபட்டாள். நன்றாகப் பழகிய பிறகு ஊசியைக் கொடுத்தார். இழை ஓட்டிவிட்டாள்!

தையலும் பாய் பின்னுவதும் கைக்கு ஒரே அசைவுதான். ஆகவே ஒரு வேலையைச் செய்யச் சொல்லுமுன், அதற்கு வேண்டிய அசைவைக் கைக்கு வேறு வழியில் பழக்கிவிடவேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இதிலிருந்துதான் அவருடைய எழுத்துப் பாடம் பிறந்தது.

மரத்தால் எழுத்துகள் செய்வித்தார். உயிர் எழுத்துக்குச் சிவப்பு வர்ணம். மெய் எழுத்துக்கு நீல வர்ணம். வழவழப்பான அழகான எழுத்துகள். குழந்தை ஒவ்வோர் எழுத்தையும் எழுதுகிற வழியிலேயே விரலால் தடவவேண்டும். பேனா பிடிக்குமுன்பே விரலுக்கு எழுத்து தெரிந்துவிடும். எழுத்தைக் கண் பார்க்கிறது, விரல் தடவுகிறது, காது அதன் ஒலியைக் கேட்கிறது. ஒரு வாசல் அடைபட்டிருந்தாலும் இன்னொரு வாசல் வழியாக எழுத்து உள்ளே போய்விடும்.

எங்கும் ஒரே பேச்சு

பலன் என்ன தெரியுமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தக் குழந்தைகள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார்கள். மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து பொதுப் பள்ளியில் பரீட்சை எழுதினார்கள். பாஸ் செய்துவிட்டார்கள்!

பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன.

டாக்டர் மாண்டிசோரிக்கு மட்டும் அதிசயமாக இல்லை. அவரை வேறு கேள்வி வாட்டியது. மூளை குறைந்த குழந்தைகள் நல்ல குழந்தைகளைப் பிடித்துவிட்டார்கள் என்றால், நல்ல குழந்தைகளைப் பள்ளிக்கூடம் எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்கவேண்டும்? இதே முறையை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

இந்தச் சமயத்தில் இடி விழுந்தது. டாக்டர் மாண்டெசானோ 1901-ல் வேறு ஒரு பெண்ணை மணந்துகொண்டார். இருவரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை, ஆனால் மற்ற யாரையும் மணப்பதும் இல்லை என்று முன்பு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. டாக்டர் மாண்டிசோரி அந்தப் பள்ளியிலிருந்து விலகினார். அவ்வளவு பேரோடும் புகழோடும் இருந்த வேலை. ஒரே நாளில் அந்த வாழ்க்கை முடிந்தது.

மறுபடியும் மாணவி

31 வயதில், டாக்டர் பட்டமும் பெயரும் பெற்ற பிறகு, அவர் மறுபடி பல்கலைக்கழகத்துக்குப் போய் மாணவியாகப் பெஞ்சியில் உட்கார்ந்தார். மனநூல், தத்துவம், மனித இன ஆராய்ச்சி, கல்வி ஆகியவற்றைப் படித்தார்.

இரவில் இன்னொரு வேலை. இடார், செகேன் ஆகியோரின் புத்தகங்களை ஆரம்பம் முதல் கடைசி வரையில் இத்தாலிய பாஷையில் தம் கைப்பட எழுதினார். செகேன் புத்தகம் மட்டும் 600 பக்கம்! அச்சு யந்திரம் வருமுன் மடத்துத் துறவிகள் ஏடு எழுதினார்களே, அதைப்போல. அவசரமாகப் படித்தால் பொருள் தப்பிவிடும். எழுதினால் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்க்கலாம் அல்லவா? இப்படியாகத் தாம் நேரில் காணாத இரண்டு குருமார்களிடம் அவர் பாடம் கேட்டார்.

1904-ல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பிரசங்கம் செய்யும் வேலை கிடைத்தது.

கூரை மேல் ஒரு பையன்

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் பேட்டை. அங்கே ஒரு கம்பெனி வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தலாமோ என்ற என்ஜினீயர் டாக்டர் மாண்டிசோரியிடம் வந்தார். சுவரைக் காப்பாற்றுவது அவர் நோக்கம். டாக்டர் மாண்டிசோரிக்கோ, பல வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு. 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது.

பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்காகச் செய்த சாமான்களை இங்கே கொண்டுவந்து வைத்தார். மர எழுத்துக்குச் செலவு அதிகம். ஆகவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். சொரசொரப்பு விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. ஏழைக்குப் பணம் இல்லாததும் சில சமயம் நல்லதாகப் போகிறது!

அந்த வருடம் டிசம்பர் மாதம். நல்ல வெயில். குழந்தைகள் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு 5 வயதுப் பையனிடம் சாக்குக் கட்டியைக் கொடுத்து, எதிரே தெரியும் புகைபோக்கியைப் படம் போடச் சொன்னார் டாக்டர் மாண்டிசோரி. பையன் தரை ஓட்டில் படம் போட்டான். அவர் பாராட்டினார். பையன் அவரைப் பார்த்தான். சிரித்தான். திடீரென்று நான் எழுதுவேன், நான் எழுதுவேன் என்று கூவிக்கொண்டு குனிந்து, கை என்ற வார்த்தையை எழுதினான். பிறகு புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். அவனுக்கு யாரும் எழுதக் கற்பிக்கவில்லை. விரல் தடவியதோடு சரி.

கூச்சலைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். இரண்டு மூன்று பேர் தங்களுக்கும் சாக்குக் கட்டி கேட்டார்கள். அவர்களும் எழுதினார்கள்!

அதன் பிறகு புகழுக்குக் கேட்கவேண்டுமா? 1909-ல் அவர் புத்தகம் வந்தது. பல பாஷைகளில் மொழிபெயர்த்தார்கள். பல நாடுகளில் பள்ளிகள் முளைத்தன.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாண்டிசோரி பள்ளி என்றால் இன்று பல ஊர்களில் வசதி உள்ளவர் வீட்டுக் குழந்தைகள் படிக்கும் இடம் என்றே பெயர். அந்த வர்ணக் கட்டைகளும் சொரசொரப்பு எழுத்துகளும் முதலில் யாருக்காக ஏற்பட்டன என்று அங்கே குழந்தையைச் சேர்க்கும் பெற்றோர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் மாண்டிசோரியும் அந்தக் குழந்தைகளை விட்டு வெகு தூரம் வந்துவிட்டார். டாக்டர் மாண்டெசானோதான் கடைசி வரையில் அந்தத் துறையிலேயே இருந்து உழைத்தார். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அடையாற்றுக்கு வந்த தந்தி

1912-ல் அம்மையாரின் தாய் ரெனில்டே காலமானார். அதற்குப் பிறகுதான் மரியோ தாயோடு வந்து சேர்ந்தான். அப்போது ஏறக்குறைய 15 வயது. இந்தச் சீமாட்டிதான் தன் தாய் என்று அவன் தானாகவே ஊகித்திருந்தானாம். அன்று முதல் தாயின் வேலைக்கெல்லாம் வலக்கையாக இருந்தான். ஆனால் வெளியாருக்கு அவன் மகன் அல்ல. அண்ணன் தங்கை இல்லாத அந்த அம்மாள், அவனை மருமகன் முறை உள்ள உறவுப் பையன் என்றும், வளர்ப்புப் பிள்ளை என்றும் சொல்லிக்கொண்டார்.

வருடங்கள் ஓடின. 1934-ல் முசோலினியோடு ஒத்துப்போக முடியாமல் இத்தாலியை விட்டு அம்மையார் வெளியேறினார். ஸ்பெயினில் இருந்தார். அங்கே உள்நாட்டுச் சண்டை வந்தது. ஆலந்துக்குப் போனார்.

1939-ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னைக்கு வந்தார். டாக்டர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. ஏறக்குறைய 300 பேர் படிக்க வந்தார்கள். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேசுவார். பக்கத்தில் நின்று மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு இத்தாலியர்கள் எல்லோரும் விரோதிகள் ஆகிவிட்டார்கள். மரியோவைக் கைது செய்து ஆமத்நகர் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு.

பிறந்தபோது பிரித்தாகிவிட்டது. இப்போது கிழவயதில் மறுபடியும் பிரிவு!

அந்த ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு 70 வயது நிறைந்தது. வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. உங்கள் 70-வது பிறந்த நாளுக்கு என்ன பரிசு தரலாம் என்று யோசித்தோம், உங்கள் மகனைத் திருப்பித் தருவதே சிறந்த பரிசு என்று முடிவு செய்தோம் என்ற கருத்தில் அது அமைந்திருந்தது.

மகன் என்ற வார்த்தை! 42 வருடமாக வெளியே சொல்லாத வார்த்தை, ஒரு சர்க்கார் தந்தியில் வந்துவிட்டது. மரியோ அடையாற்றுக்குத் திரும்பி வந்தார்.

யுத்தம் முடியும் வரையில் இருவரும் இந்தியாவிலேயே இருந்தார்கள். கொடைக்கானலில் சில காலம் தங்கிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். இலங்கைக்கும் போய் வகுப்பு எடுத்தார்கள். இந்தியாவில் அவர்களிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல். 1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்கள்.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஆலந்து நாட்டில் நூர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் அம்மையார் காலமானார். வயது 81. அப்போதும் மரியோ கூட இருந்தார்.

அம்மையாரின் உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் மரியோவை உறவுக்காரர் என்றோ வளர்ப்புப் பிள்ளை என்றோ அவர் எழுதவில்லை. என் மகன் என்று எழுதியிருந்தார்.